வெந்நீர் வராத நாட்கள்

ஏப்ரல் 28, திங்கள்

பாத்திரம் கழுவும் மெஷினின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் ஆவி இன்று இல்லை. தட்டுகள் சில்லென்று இருந்தன. இட்லித் தட்டின் குழிகளில் எண்ணெய் அப்படியே நின்றது. விரலால் தேய்த்தேன், வழுக்கியது.

வேறு வீடாக இருந்தால் கையால் இன்னொரு முறை தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போய்விடலாம். இந்த வீட்டில் முடியாது. மார்ச் முதல் வாரத்தில் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். என்னுடைய இடது சிறுநீரகம் இப்போது அவருடைய அடிவயிற்றில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த உறுப்பு என்று உடம்பு அதைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, உடம்பின் எதிர்ப்பு சக்தியையே மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் சின்னக் கிருமியும் ஆகாது. "அவர் சாப்பிடுற பாத்திரமெல்லாம் நல்ல சூடான தண்ணியில கழுவணும் மேடம்" என்று ஃப்ளோரா சிஸ்டர் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

நாங்கள் வந்து சேர்ந்த அன்றே மனோன்மணி அண்ணி இந்த மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். இவருடைய அக்கா. "சர்க்கரை இருக்குன்னு என் கிட்னிய வேணாம்னுட்டாங்க தமயா. இதையாச்சும் குடுத்துட்டுப் போறேனே" என்றார். போன வாரம் வரை கூடவே இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டவர், மகளுக்குப் பிரசவம் என்று புதுக்கோட்டை போயிருக்கிறார். நான் தனியாகப் பார்க்க ஆரம்பித்த உடனேயா இது கெட வேண்டும்?

சாப்பாட்டுத் தட்டுகளை மறுபடி ஒரு சுற்று ஓட்டினேன். அப்போதும் சில்லென்றுதான் வந்தன. கடைசியில் குக்கரில் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினேன்.

ஒரு நல்ல விஷயமும் எழுதி வைக்க வேண்டும். இப்போதெல்லாம் காலை மாத்திரை போட்டதும் அவரே எழுந்து போய்த் தன் டம்ளரை மெஷினில் வைத்துவிட்டு வருகிறார். "உனக்கு ஒரு வேலை மிச்சம்ல" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் குடித்த டம்ளரை இருந்த இடத்திலேயே விட்டுப் போகிற மனிதர்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அண்ணியிடம் போனில் சொன்னேன்.

"அவசர வாஷ்ல போட்டிருப்ப. அதுல சூடு வராது. மூணாவது பொத்தானை அமுக்கு."

"மூணாவதுதான் அண்ணி அமுக்கறேன். அறுபத்தஞ்சு டிகிரின்னு எழுதியிருக்கே, அதான்."

"அப்ப கரண்டு கம்மியா வருதோ என்னமோ. உங்க கே.கே. நகர்ல எப்பவும் அப்படித்தான. சரி, நீ குனிஞ்சு நிமிந்து எதையும் நோண்டாத. தையல் பத்திரம்."

பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு வாங்கியதில் ஒரு தெர்மாமீட்டர் என் அலமாரியில் கிடந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டில் வேறு என்ன கிடக்கும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி, கதவைத் திறந்து, அடியில் தேங்கிய நீரில் அதை வைத்தேன். முப்பத்தொன்று. குழாய்த் தண்ணீரிலும் வைத்துப் பார்த்தேன். அதுவும் முப்பத்தொன்று. ஆக மெஷின் சுற்றுகிறது, தெளிக்கிறது, வடிக்கிறது, சத்தமெல்லாம் போடுகிறது. சூடு மட்டும் செய்யவில்லை.

ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். வேறு பிளக்கில் மாற்றிப் போட்டேன். உப்புப் போடுகிற குழியில் உப்பு நிரப்பினேன். போர் தண்ணீர் கடினநீர், அதனால் இருக்குமோ என்று.

அவர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "விடு தமயா. ஒரு நாள் பச்சத்தண்ணில கழுவுன தட்டுல சாப்ட்டா செத்துற மாட்டேன்."

அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

இன்றும் சூடில்லை. அவருக்குக் காய்ச்சலும் இல்லை. நான்கு முறை பார்த்தேன். தூக்கத்தில் பார்த்தது அவருக்குத் தெரியாது.

மே 2, வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உடம்பின் எதிர்ப்பை அடக்குகிற அந்த முக்கியமான மருந்து, மஞ்சள் மூடி போட்ட கேப்ஸ்யூல், ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருக்கிறதாம். ஃப்ளோரா சிஸ்டர் போன் செய்தார்.

"நேரம் தவறாம குடுக்கிறீங்களா மேடம்?"

"அலாரம் வச்சுக் குடுக்கறேன் சிஸ்டர். என் கையாலதான் குடுக்கறேன்."

"வெறும் வயித்துலதானே?"

"வெறும் வயித்துல, வெறும் தண்ணிதான்."

"அப்ப டோஸ் கொஞ்சம் ஏத்தச் சொல்றார் டாக்டர். காலைல ஒண்ணு கூடுதலா குடுங்க. அடுத்த வெள்ளி மறுபடி பார்ப்போம்."

என்ன தவறு செய்கிறேன் என்று யோசித்து யோசித்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஒருவேளை மருந்துப் பெட்டி வெயிலில் இருந்துவிட்டதோ? ஒருவேளை தட்டில் இருக்கிற அழுக்கில் வயிறு கெட்டு மருந்து சரியாக ஏறவில்லையோ? பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்ததும் மெஷின் கெட்டதும் ஒரே நாள்தானே என்று பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். போனை எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். எந்தப் பொத்தான், உப்பு போட்டீர்களா, ஃபில்டர் கழுவினீர்களா. அடியில் இருக்கிற ஃபில்டரை எடுக்க நன்றாகக் குனிய வேண்டும். அண்ணி இருந்தவரை அவர்தான் எடுத்துக் கழுவுவார். என்னை இந்த மாதம் முழுக்கக் குனியக் கூடாது என்றிருக்கிறார்கள், தையலின் ஒரு ஓரம் ஆற நேரம் எடுத்ததால். இவர் சாக்கடை நீர் பக்கமே வரக் கூடாது. "கழுவியாச்சு" என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் வருகிற செவ்வாய் வருவாராம்.

மே 4, ஞாயிறு

இன்று ஒரு கூத்து. வழக்கமாகக் காலையில்தான் மெஷினைப் போடுவேன். இன்று பலகாரம் செய்ததில் நேரமாகி மத்தியானம் போட்டேன். முடிந்து திறந்தால் தட்டெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கிறது! "என்னங்க, சரியாயிருச்சு!" என்று கத்தினேன். அவரும் வந்து தட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குழாயைத் திறந்து கையைக் காட்டினார். குழாயிலேயே சூடாகத்தான் கொட்டியது. அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். மாடியில் டேங்க் வெயிலில் கொதித்துக் கிடக்கிறது.

இரண்டு பேரும் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

பிறகு அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மேஜையில் விளக்கு, மெழுகு, அவருடைய சின்னச் சின்னக் கத்திகள். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறவர் இவர். நண்பர் ஜெயபாலும் இவரும் சேர்ந்து தில்லைநகரில் லேப் வைத்திருக்கிறார்கள். அங்கே தூசி பறக்கும் என்பதால் இன்னும் சில மாதம் போகக் கூடாது. கை மறந்துவிடும் என்று வீட்டில் உட்கார்ந்து மெழுகில் பல் செதுக்குகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் கை அப்படி நடுங்கும். ஒரு பல் பாதிகூடச் செதுக்க முடியாமல் கத்தியைத் தூக்கி எறிந்தார். இன்று உள்ளங்கையில் ஒரு கடைவாய்ப் பல்லை வைத்து நீட்டினார். மேடு, பள்ளம், பிளவு, எல்லாம் நிஜப் பல் மாதிரி.

"பாத்தியா? கை நிக்குது."

நிஜமாகவே நின்றது. நீட்டிய கையில் துளி ஆட்டம் இல்லை. என் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

மெக்கானிக் வந்தார். ரியாஸ் என்று பெயர். வாசலிலேயே மாஸ்க் கொடுத்து, கை கழுவ வைத்து, காலுக்குப் பாலிதீன் உறை மாட்டச் சொல்லி உள்ளே விட்டேன். அவர் முகத்தில் என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பது தெரிந்தது. இவரை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். "பூட்டியே வச்சிரு" என்றார் உள்ளிருந்து.

மெஷினை இழுத்து, அடிப்பலகையைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"ஹீட்டர் போயிருச்சு மேடம். உள்ள கம்பி அறுந்திருக்கு. சென்னைலேர்ந்து வரணும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும்."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"பச்சத்தண்ணில ஓட்டுங்க, ஒண்ணும் ஆவாது. ஃபில்டரை மட்டும் எடுத்துக் கழுவிருங்க. வாடை வருது பாருங்க."

வாடை வரத்தான் செய்தது. நானும் ரெண்டு நாளாகக் கவனித்தேன்.

அவர் போனதும் அவர் தொட்ட இடத்தையெல்லாம் துடைத்தேன். கதவைத் திறந்து பார்த்தால் இவர் ஜெயபாலோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "முன்பல்லா? ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னா நானே பண்ணித் தர்றேன்டா. மெழுகை மட்டும் நான் செதுக்கறேன், மத்தது நீ பாத்துக்க. வீட்டுக்குக் குடுத்தனுப்பு... கையா? கை நல்லாருக்கு." யாருக்கோ விபத்தில் முன்பல் இரண்டும் போய்விட்டதாம். முகமே மலர்ந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

மே 7, புதன்

அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, தூக்கிப் போய்த் தொட்டியில் ஊற்றி, பாத்திரங்களை முக்கி எடுக்கிறேன். பரவாயில்லை, முடிகிறது. விலாவின் கீழே கொஞ்சம் இழுத்தது. ஒன்றுமில்லை.

மே 8, வியாழன்

இன்று மாத்திரை கொடுக்கும்போது எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றாக வாயில் போட்டார், தண்ணீர் குடித்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"டம்ளர வைங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"நான் வச்சிக்கறேன்."

வாயைத் திறந்து காட்டச் சொல்லத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியதென்று தெரியவில்லை. சின்னப் பிள்ளையா அவர்?

மே 9, வெள்ளி

மருந்தின் அளவு ஏறவே இல்லை. கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் ரத்தத்தைச் சரியாகச் சுத்தம் செய்கிறதா என்பதை அந்த எண்தான் சொல்லும். அது ஏறவே கூடாது.

ஃப்ளோரா சிஸ்டரின் குரல் மாறியிருந்தது. "டோஸ் ஏத்தியும் ஏறலைன்னா என்ன மேடம் அர்த்தம்? வாந்தி எடுத்தாரா? வேற ஏதாவது நாட்டு மருந்து குடுக்கறீங்களா?"

"இல்ல சிஸ்டர். இல்ல."

"திங்கட்கிழமை நேர்ல கூட்டிட்டு வந்துருங்க. நடுவுல காய்ச்சலோ, சிறுநீர் குறைஞ்சோ போனா அன்னிக்கே வாங்க."

அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஜெயபால் கொடுத்தனுப்பிய அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் உட்கார முடியாமல் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். பாத்திரம் எல்லாவற்றையும் மறுபடி கொதிக்க வைத்தேன். கொதித்ததையே மறுபடி கொதிக்க வைத்தேன்.

மே 10, சனி

கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் வாடை தாங்கவில்லை. ஃபில்டரில்தான் கிருமி முழுவதும் இருக்கிறது, அதிலிருந்துதான் அவருக்கு ஏதோ ஆகிறது என்று முடிவே செய்துவிட்டேன். குளிக்கும்போது உட்காருகிற குட்டை ஸ்டூலைப் போட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்து, கீழ் அடுக்கை வெளியே எடுத்து, கையை உள்ளே விட்டு ஃபில்டரைத் திருகிக் கழற்றினேன். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, கடுகு. அடியில், வலையோடு ஒட்டி, ஜெல்லி மாதிரி ஊறிப்போன சிறு சிறு உருண்டைகள். ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தேன். பாதி மஞ்சள், பாதி வெள்ளை. நசுக்கினேன். உள்ளே வெள்ளை மாவு.

எனக்கு அப்போதும் புரியவில்லை. புரிய மறுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கைதவறி விழுந்தது எப்படியோ உள்ளே போயிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்று விழலாம். இத்தனை எப்படி விழும்?

கேப்ஸ்யூலின் கூடு ஜெலட்டினால் ஆனது. பச்சைத் தண்ணீரில் ஊறும், கரையாது. வெந்நீரில் கரைந்து காணாமல் போய்விடும். பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மெஷின் சூடாக ஓடியிருந்தால் இதில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்காது.

ஒரு சாஸரில் எல்லாவற்றையும் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் முன்பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மேஜையில் மெழுகுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னங்க?"

கத்தி நின்றது.

"எங்கேர்ந்து எடுத்த?"

"மெஷின் ஃபில்டர்லேர்ந்து."

"கரைஞ்சு போயிரும்னு நெனச்சேன்" என்றார்.

"வெந்நீர் வந்திருந்தா கரைஞ்சிருக்கும்" என்றேன். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். ஏன் அந்தக் குரல் வந்ததோ.

"எத்தன நாளா?"

"தெனமும் இல்ல தமயா. வேல செய்யணும்னு தோணற அன்னிக்கு மட்டும். காலைல போடறத நாக்குக்கு அடில வச்சிட்டு... மத்த மாத்திர எல்லாம் முழுங்கிருவேன். ராத்திரி இதையும் முழுங்கிருவேன்."

"ஏன்?"

"இதப் போட்டா கை ஆடுது. மருந்துப் பெட்டிக்குள்ள இருந்த தாள்லயே போட்டிருக்கு, நடுக்கம் வரும்னு. ஒரு நாள் விட்டுப் பாத்தேன், கை நின்னுச்சு. இருபது வருஷமா இந்தக் கை மயிரிழை தப்புனதில்ல. ஒரு பல்லுகூடச் செய்ய முடியாம, மூணு வேளையும் தின்னுட்டு இந்த ரூமுக்குள்ள உக்காந்திருக்கவா நான் பொழச்சு வந்தேன்?"

"டாக்டர் டோஸ் ஏத்துனாரே, அப்பவாவது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"ஏத்துனதும் இன்னும் ஜாஸ்தியா ஆடுச்சு. அதான் இன்னும் ஜாஸ்தியா விட்டேன்."

"அது என் கிட்னிங்க."

சொல்லிவிட்டேன். அறுவைச் சிகிச்சைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு முறைகூட அப்படிச் சொன்னதில்லை. சொல்லவே கூடாது என்று இருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. "தெரியும்" என்றார். "தெனம் எத்தன தடவ சொல்ற தெரியுமா? வாயால இல்ல. தண்ணி குடிச்சீங்களாங்கறப்ப சொல்ற. தூங்கறப்ப வந்து நெத்தியத் தொட்டுப் பாக்கறியே, அப்ப சொல்ற. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து நீ என்னப் பாக்கவே இல்ல தமயா. அதத்தான் பாக்கற."

எடுக்கப் போன சாஸர் விழுந்து உடைந்துவிட்டது. கை தவறியது.

நான் ஃப்ளோரா சிஸ்டர் நம்பரைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சிஸ்டர், நான் குணசீலன் பேசறேன். காலை மாத்திரைய நான் போடறதில்ல சிஸ்டர். நானாத்தான் விட்டுட்டேன். வீட்ல தெரியாது" என்றார்.

உடனே வரச் சொன்னார்கள். சாயங்காலமே சேர்ந்துவிட்டோம்.

மே 11, ஞாயிறு

ஆஸ்பத்திரி. ஊசி வழியாகச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள்.

மே 12, திங்கள்

பெரிய டாக்டர் வந்தார். உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்திருக்கிறதாம். ஆரம்பம்தான், பிடித்துவிடலாம், மூன்று நாள் கடுமையான மருந்து ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும் என்றார். பிடிக்க முடியாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கட்டில் ஓரத்தில் நின்று இவரிடம் கேட்டார். "என்ன சார், கை நடுங்கினா என்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"மாத்திரையால வர்றது, என்ன பண்ண முடியும்னு நெனச்சேன் டாக்டர்."

"இதே மருந்து மெதுவா வேலை செய்யற மாதிரி இருக்கு. அதுல நடுக்கம் கம்மி. மாத்தி எழுதியிருப்பேன். அஞ்சு நிமிஷப் பேச்சு சார்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் இரண்டு வாரமாக நான் ஆராய்ந்ததெல்லாம் நினைவுக்கு வந்து அதைப் பாதியில் நிறுத்தியது. பிளக், உப்பு, வோல்டேஜ், தட்டில் எண்ணெய். என்னங்க, கை எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்கு என்று நான் ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீர் எவ்வளவு போனது என்றுதான் கேட்டேன்.

மே 13, செவ்வாய்

அண்ணி புதுக்கோட்டையிலிருந்து வந்துவிட்டார். கைக்குழந்தை இருக்கிற வீட்டிலிருந்து வருவதால் வார்டுக்குள் விடவில்லை. வாசலில் நின்று தம்பியைப் போனிலேயே திட்டித் தீர்த்தார். "ஏன்டா, அவ வயித்த அறுத்துக் குடுத்தத டம்ளர்ல துப்புனியா நீ?" பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

பிறகு அண்ணி என்னிடமிருந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

மே 14, புதன்

மத்தியானம் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வெளியில் வெயில் வெள்ளையாக அடித்தது. நான் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

"உக்காரு தமயா."

"பரவால்ல."

"நான் ஏன் சொல்லலன்னு கேட்டியே."

"கேட்டேன். நீங்க சொல்லல."

"வெக்கமா இருந்துச்சு. நீ இவ்ளோ பெருசா ஒண்ணு குடுத்திருக்க. அத வாங்கி வச்சிக்கிட்டு, எனக்குக் கை நடுங்குது, எனக்கு அது புடிக்கல, இது புடிக்கலன்னு எந்த வாயால சொல்றது? கடைல வாங்கின பொருளா குறை சொல்ல?"

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அப்போதுதான் கவனித்திருக்கிறார், என் கை இடது விலாவை அழுத்திப் பிடித்திருப்பதை.

"அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல."

"தமயா."

"வலிக்குதுங்க" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில்காரர் பார்க்க, இத்தனை பெரிய பெண்பிள்ளை. "அண்டா தூக்குனதுலேர்ந்து வலிக்குது. அதுக்கு முந்தியும் வலிச்சுது. வர்றவங்க எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க. நீங்களும்தான். ஒருத்தர்கூட என்னக் கேக்கல."

அவர் மருந்து ஏறாத கையால் மணியை அழுத்தினார். சிஸ்டர் வருவதற்குள் இன்னும் இரண்டு முறை அழுத்தினார். "எனக்கில்ல சிஸ்டர், இவளுக்குப் பாருங்க" என்றார்.

தொட்டுப் பார்த்துவிட்டு, தையலுக்குப் பக்கத்தில் சதை லேசாகப் பிதுங்கியிருக்கிற மாதிரி இருக்கிறது, அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்கள். அதுவரை ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது.

மே 16, வெள்ளி

கிரியாட்டினின் இறங்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. "முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆனா காப்பாத்திட்டோம்" என்றார் டாக்டர். ஃப்ளோரா சிஸ்டர் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

மே 18, ஞாயிறு

வீட்டுக்கு வந்தோம். அண்ணி ரியாஸை விரட்டி விரட்டி ஹீட்டரை மாட்ட வைத்திருக்கிறார். மெஷின் முடிந்து கதவைத் திறந்ததும் ஆவி என் மூக்குக்கண்ணாடியை மறைத்தது. தட்டு கையைச் சுட்டது. இதற்காக எத்தனை நாள் அலைந்தேன். இன்று பெரிதாகச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. தட்டுகளை எடுத்து அடுக்கினேன், அவ்வளவுதான்.

அண்ணி சமைக்கிறார், தூக்குகிறார், குனிகிறார். "நீ அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சேன்னா கால ஒடிப்பேன்."

மே 20, செவ்வாய்

புது மாத்திரை காலையில் ஒரு வேளைதான். அலாரம் அடித்தபோது நான் எழுந்து போகவில்லை. போகாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளே அட்டையிலிருந்து மாத்திரையை அமுக்கி எடுக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. முழுங்கியிருப்பார். முழுங்கியிருக்க வேண்டும். எட்டிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். "ரெண்டு முன்பல்லையும் ஜெயபாலையே பண்ணச் சொல்லிட்டேன். கை இன்னும் கொஞ்சம் ஆடுது. கொறஞ்சா பாக்கலாம்" என்றார். கையை நீட்டிக் காட்டினார். ஆடத்தான் செய்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள்ளும் ஆடியது.

"ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "நீ?"

"நானும் இல்ல."

மே 23, வெள்ளி

எனக்கு ஸ்கேன். தனியாகப் போய் வருகிறேன் என்றேன், அண்ணியோடு போகிறேன் என்றேன், கூட்டத்துக்குள் நீங்கள் வரக் கூடாது என்றேன். மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்ததும் ஒரு ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக அவரிடம் வந்தார். இந்த மூன்று மாதப் பழக்கம். "வாங்க சார், உக்காருங்க. டாக்டர் பார்க்கணுமா, ஊசியா?"

"பேஷன்ட் நான் இல்லப்பா. இவங்க" என்றார் அவர். "நான் தொணைக்கு வந்திருக்கேன்."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். வேண்டாம், நடப்பேன் என்று சொல்லப் போனேன். இவர் என் தோளில் தொங்கிய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன்.